ரிவரில் செக்-ரெய்ஸ் பிளஃப்: உங்கள் மேசையில் ஏன் பிடிபட்டது

கேள்வி சுருக்கமாக இதுதான்: திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் சனி இரவுகளில் ஆறு பேர் கூடி நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு மூடின காட், நடுவில் ஐந்து பொதுக் காட் வைத்து ஆடும் போக்கர்) ஆடுகிறார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் சிப்ஸ், பிளைண்ட் (காட் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாகப் போடும் தொகை) 50, 100. எல்லாரும் 304 என்ற துரும்புக் காட் ஆட்டம் ஆடி வளர்ந்தவர்கள். போக்கர் பழகி ஒரு வருடம்தான். கேட்டவர் ரிவரில் (கடைசிப் பொதுக் காட் விழுந்தபின்) செக் பண்ணி (ஒன்றும் போடாமல் விட்டு), மற்றவர் பெட் போட்டதும் பெரிதாக ரெய்ஸ் போட்டு (தொகையைக் கூட்டி), நல்ல கை இருப்பதாகக் காட்டும் பிளஃபை ஒரு மாதத்துக்குள் இரண்டு தரம் போட்டிருக்கிறார். இரண்டு தரமும் பிடிபட்டது. இரண்டாவது கையை முழுதாக எழுதி, "எனக்குத் துணிவு காணாதா?" என்று கேட்கிறார்.

துணிவில் குறை ஒன்றும் இல்லை. கையில் இருந்த காட்டில் ஒரு பிழை, தொகையில் ஒரு பிழை, எதிரில் இருந்த ஆளில் ஒரு பிழை. மூன்றில் கடைசிதான் பெரிது. ஆனால் முதல் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மூன்றாவது ஏன் பெரிது என்று விளங்கும்.

நீங்கள் எழுதிய கை இது. பட்டனில் (கடைசியாகத் தீர்மானிக்கும் இடத்தில்) இருந்தவர் 250க்கு ரெய்ஸ். சின்ன பிளைண்ட் ஃபோல்ட் (காட்டை எறிந்து விலகினார்). பெரிய பிளைண்டில் நீங்கள் டைமன் ஜாக், டைமன் பத்தோடு கோல் (அவர் போட்டதற்குச் சமமாகப் போட்டீர்கள்). பொட்டில் (நடுவில் சேர்ந்த தொகையில்) 550. ஃப்ளொப்பில் (முதல் மூன்று பொதுக் காட்) இஸ்பேட் குயின், ஆடுதன் 9, இஸ்பேட் 4. நீங்கள் செக், அவர் 180, நீங்கள் கோல், பொட் 910. டேர்னில் (நாலாவது பொதுக் காட்) கிளாவர் 7. செக், 600, கோல், பொட் 2110. ரிவரில் இஸ்பேட் 2. கிங்கோ எட்டோ விழுந்திருந்தால் உங்களுக்கு ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து காட்). விழவில்லை, ஒரு சோடிகூட இல்லை. நீங்கள் செக், அவர் 1000, நீங்கள் மொத்தம் 3000க்கு ரெய்ஸ். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "பாத்திடுவம்" என்று இன்னும் 2000 ஐத் தள்ளி, ஆடுதன் ஏஸ், ஆடுதன் குயினைக் காட்டினார்.

அதுவரை ஆடிய விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு எட்டுக் காட் காத்திருக்க, அந்த விலைகளுக்கு கோல் பண்ணியது சரி. கேள்வி ரிவரில்தான்.

இந்த உத்தியின் அடிப்படை ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் அதைக் காட்டுகிறவர்கள் வெற்றி பெற்ற கைகளைத்தான் காட்டுவார்கள். செக் பண்ணுவது நிலாவெளிக் கரையில் கரைவலை வளைக்கிற மாதிரி. மீன் உள்ளே வந்தால்தான் இழுப்பு. அவரும் செக் பண்ணிவிட்டால் கையைக் காட்ட வேண்டும். சோடியில்லாத கை தோற்கும். பிளஃப் பண்ணச் சந்தர்ப்பமே கிடைக்காது. அவர் பெட் போட்டார் என்றாலோ, சும்மா கிடக்கும் கைகளை அவர் ஏற்கெனவே செக் பண்ணிக் கழித்துவிட்டார் என்று அர்த்தம். மிச்சம் இருப்பவை சராசரியாகப் பலமானவை. பலமான கைகளைப் பார்த்துத்தான் நீங்கள் "விட்டுட்டுப் போ" என்கிறீர்கள். அதனால் இது நேரடியாக பெட் போட்டுப் பிளஃப் பண்ணுவதைவிட விலை கூடினது.

எவ்வளவு கூடினது? ரிவரில் நீங்களே முந்திக்கொண்டு 2110 பொட்டுக்குள் 1400 போட்டிருந்தால், 1400 ஐப் பணயம் வைத்து 2110 ஐக் கேட்கிறீர்கள். 1400 ஐ 3510 ஆல் வகுத்தால் 40 வீதம். பத்துக்கு நாலு தரம் அவர் ஃபோல்ட் பண்ணினால் நட்டமில்லை. செக்-ரெய்ஸில் அவருடைய 1000 உம் பொட்டில் சேர்வதால் வெல்வது 3110 ஆகக் கூடுகிறது. ஆனால் 4000க்கு ரெய்ஸ் போட்டால் 4000 ஐ 7110 ஆல் வகுக்க வேண்டும்: 56 வீதம். கைக்கு வருவதும் கூட, தேவைப்படுகிற ஃபோல்டும் கூட. இந்த ஒரு வகுத்தலை மேசையில் மனதுக்குள் போடப் பழகுங்கள்: போடுகிற தொகையை, போடுகிற தொகையும் பொட்டில் ஏற்கெனவே கிடப்பதும் சேர்ந்த தொகையால் வகுப்பது. வேறு சூத்திரம் தேவையில்லை.

உங்கள் 3000க்கு இதைப் போட்டால் 49 வீதம்தான் வரும். அது மலிவு போலத் தெரியும். மறுபக்கம் பாருங்கள். அவர் இன்னும் 2000 போட்டால் 6110 ஐ வெல்லலாம். மொத்தம் 8110 இல் அவர் பங்கு 2000. நாலு தரத்தில் ஒரு தரம் நீங்கள் பிளஃப் என்றாலே அவருக்கு கோல் கட்டுப்படியாகும். "பாத்திடுவம்" என்று சொல்ல வைக்கிற விலை அது. 4000க்குப் போட்டிருந்தால் அவர் 3000 போட்டு 7110 ஐக் கேட்க வேண்டும். அவருக்கு 30 வீதம் வேண்டும். முழு ஓல்-இன் (கையில் மிச்சம் உள்ள எல்லாம்) என்றால் உங்களிடம் மிச்சம் 8970. அவர் 40 வீதம் வெல்ல வேண்டும். ஆனால் உங்களுக்கு 74 வீதம் ஃபோல்ட் வேண்டும். பெரிதாகப் போடப் போட அவருக்கும் நோகும், உங்களுக்கும் நோகும். குறைந்தபட்ச ரெய்ஸ் 2000 ஐ நினைத்தும் பார்க்க வேண்டாம். 1000 கொடுத்து 5110 ஐப் பார்க்கிற சந்தர்ப்பத்தை எவரும் விட மாட்டார்கள். அவருடைய பெட்டின் நாலு மடங்கு, இந்த மாதிரிப் பொட்டில், நியாயமான நடு அளவு.

இனி காட். இங்கேதான் வீடியோ பார்த்துப் பழகியவர்கள் அரைகுறையாக விளங்கிக்கொள்வார்கள். "தோற்கிற கையால்தான் பிளஃப் பண்ண வேண்டும்" என்பது சரிதான். அதைக் கணக்காகவே காட்டியவர் கணிதர் ஜோன் வொன் நொய்மன். பொருளியலாளர் மோர்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944 இல் வெளியிட்ட நூலில், எளிமையாக்கிய ஒரு போக்கரில், மிகப் பலமான கைகளோடும் மிகப் பலவீனமான கைகளோடும் பெட் போட்டு, நடுத்தரக் கைகளைச் செக் பண்ணுவதே சரி என்று வருகிறது. நடுத்தரக் கைக்கு கோல் பண்ணி வெல்கிற வாய்ப்பு இருக்கிறது. அதை ரெய்ஸாக மாற்றினால் அந்த வாய்ப்பை நீங்களே எரித்துவிடுகிறீர்கள். இதே போர்டில் (நடுவில் கிடக்கும் பொதுக் காட்டில்) உங்களிடம் இஸ்பேட் ஏஸும் கிளாவர் 9 உம் இருந்திருந்தால், 1000க்கு கோல் பண்ண 24 வீதம் வென்றால் போதும். அந்த ஆள் பிளஃப் பண்ணக் கூடியவர் என்றால் கோலே நல்லது. ஜாக்-பத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஃபோல்ட் அல்லது ரெய்ஸ். அந்த வகையில் நீங்கள் எடுத்த கை தகுதியான கை.

ஆனால் தோற்கிற கை என்பது மட்டும் போதாது. உங்கள் கையில் இருக்கும் இரண்டு காட்டும் எதிராளியிடம் இருக்க முடியாது. அந்த இரண்டும் அவருடைய எந்தக் கைகளைக் குறைக்கின்றன என்பதே கேள்வி. போர்டில் மூன்று இஸ்பேட் கிடக்கிறது. மிச்சம் பத்து இஸ்பேட். பத்தில் இரண்டு எடுத்தால் 45 ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து காட்) சேர்க்கைகள். உங்களிடம் ஒரு இஸ்பேட் இருந்தால் அது 36 ஆகக் குறையும். அந்த ஒன்று ஏஸாக இருந்தால், ஆகப் பெரிய ஃப்ளஷ் அவரிடம் இருக்கவே முடியாது. உங்களிடம் இருந்ததோ இரண்டும் டைமன். 45 இல் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதைவிட மோசம், உங்கள் ஜாக் அவருடைய குயின்-ஜாக்கைக் குறைக்கிறது. பத்து குயின்-பத்தைக் குறைக்கிறது. போர்டில் ஒரு குயின் போக மூன்று குயின், நாலு ஜாக்: பன்னிரண்டு சேர்க்கை. உங்களிடம் ஒரு ஜாக் இருந்தால் ஒன்பது. இவைதான் 1000 போட்டுவிட்டு 4000 வந்ததும் முகம் சுழித்துப் போட்டுவிடுகிற கைகள். ஓடக் கூடியவர்களைக் குறைத்துவிட்டு, ஓடாதவர்களை முழுதாக விட்டுவைத்திருக்கிறீர்கள்.

அதே ஜாக்-பத்து, ஆனால் இஸ்பேட் ஜாக்கும் டைமன் பத்தும் என்றால் கதை மாறுகிறது. குயின்-ஜாக்கை அப்போதும் குறைக்கிறது, அது குறைதான். ஆனால் ஒன்பது ஃப்ளஷ் சேர்க்கைகளை வெட்டிவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: எந்தக் கையால் பிளஃப், எந்தக் கையால் ஃபோல்ட் என்பதை உங்கள் அன்றைய மனநிலை தீர்மானிக்காமல் காட்டே தீர்மானிக்கும்.

அது ஏன் முக்கியம் என்று எண்ணிப் பார்க்கலாம். ரிவரில் உண்மையான ஃப்ளஷோடு செக்-ரெய்ஸ் போடக் கூடிய கைகள் உங்களிடம் பத்துச் சேர்க்கை இருக்கிறது என்று வையுங்கள். இஸ்பேட் ஏஸ்-8, ஏஸ்-6, கிங்-10 மாதிரி, பெரிய பிளைண்டில் நீங்கள் கோல் பண்ணியிருக்கக் கூடியவை. 4000 ரெய்ஸுக்கு அவருக்கு 30 வீதம் வேண்டும். அப்படியென்றால் பத்து உண்மைக்கு நாலு பொய் வரை தாங்கும். தவறிப்போன ஜாக்-பத்து மொத்தம் எத்தனை? பதினாறில் இஸ்பேட் ஜாக்-இஸ்பேட் பத்து ஃப்ளஷ், மிச்சம் பதினைந்து. "ஸ்ட்ரெயிட் தவறினால் பிளஃப்" என்று பழகிய ஆள் பதினைந்தையும் ரெய்ஸ் போடுவார். பத்துக்குப் பதினைந்து, ஐந்து தரத்தில் மூன்று தரம் பொய். அந்த ஆளை எப்போதும் கோல் பண்ணலாம். இஸ்பேட் ஜாக் உள்ள மூன்றை மட்டும் எடுத்தால் பத்துக்கு மூன்று. பன்னிரண்டு தரம் ஆசையை அடக்க வேண்டும், மூன்று தரம் போட வேண்டும். உங்கள் கை அடக்கியிருக்க வேண்டிய பன்னிரண்டில் ஒன்று.

இப்போது ஆளுக்கு வருவோம். சரியான காட், சரியான தொகை என்றே வையுங்கள்: இஸ்பேட் ஜாக், டைமன் பத்து, ரெய்ஸ் 4000. அவர் 1000 பெட் போடக் கூடிய கைகளை எண்ணுவோம். ஏஸ்-குயின் 12, கிங்-குயின் 12, குயின்-ஜாக் 9, ஏஸ் சோடி 6, கிங் சோடி 6. குயின், 9, 7 செட்டுகள் (ஒரே காட் மூன்று) தலா 3, ஆக 9. ஃப்ளஷ் ஒரு 12 என்று கொள்ளலாம். அவர் எல்லா இஸ்பேட்டோடும் ரெய்ஸ் போடுகிற ஆள் இல்லை. வெறும் பிளஃப் 8. எல்லாம் கூட்டினால் 74.

ஃப்ளஷும் செட்டும் போகாது: 21. ஒற்றைச் சோடி எல்லாம் போட்டுவிடுவார் என்றால் 53 ஃபோல்ட், 72 வீதம். ஒவ்வொரு தரமும் சராசரியாக 1090 சிப்ஸ் லாபம். அழகான பிளஃப். இப்போது ஒரே ஒரு மாற்றம்: ஏஸ்-குயினையும் ஏஸ் சோடியையும் அவரால் போட முடியாது. ஃபோல்ட் 35 ஆகிறது, 47 வீதம். ஒவ்வொரு தரமும் 640 நட்டம். போர்ட் அதே, காட் அதே, தொகை அதே. 18 சேர்க்கைகளை ஒரு மனிதனுக்குக் கை விடுமா விடாதா என்பதில் லாபம் நட்டமாகப் புரள்கிறது. உங்களுக்குக் காட்டப்பட்டது அந்தப் பதினெட்டில் ஒன்று.

ஆகவே இந்த உத்தியைப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி "அவரிடம் என்ன இருக்கிறது" இல்லை. "நல்ல குயினை இந்த ஆள் எப்போதாவது எறிந்து நான் பார்த்திருக்கிறேனா?"

304 மேசையில் வளர்ந்தவர்களிடம் இதற்கு விடை பெரும்பாலும் இல்லை என்பதுதான், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 304 இல் காட்டை எறிந்துவிட்டு எழும்புவது என்ற ஒன்று கிடையாது. கேள்வி கேட்டு (ஏலம் கூறி) எடுத்தவர் துரும்பை மூடி வைக்கிறார். மற்றவர்கள் கையில் என்ன வந்ததோ அதோடு கடைசிக் காட் வரை ஆடுகிறார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஒவ்வொரு பிடியிலும் ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணத்தில் ஊறிய ஆளுக்கு, நல்ல கையை முகம் கீழாக வைத்து நகர்த்துவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகத் தெரியும். மூடின துரும்பைப் பார்த்தே தீர வேண்டும் என்ற அரிப்பு வேறு. அந்த அரிப்பு போக்கரில் 2000 சிப்ஸ் வரை கொடுக்கும். இதே பழக்கத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: துரும்பு எது என்று விழுந்த காட்டை வைத்துக் கணிக்கிறவர்கள் போக்கரிலும் கதையைக் கவனிப்பார்கள். உங்கள் மேசையில் ஒன்றிரண்டு பேராவது அப்படி இருப்பார்கள். பிளஃப் அவர்களிடம்தான் எடுபடும். விளங்காத ஆளிடம் பொய் சொல்லிப் பயனில்லை. பொய்யை விளங்கிக்கொள்ளவும் கொஞ்சம் அறிவு வேண்டும்.

கதையைக் கவனிக்கிறவர் என்ன கவனிப்பார்? உங்கள் ரெய்ஸ் சொல்லும் கதை "ஃப்ளொப்பில் இரண்டு இஸ்பேட்டோடு வந்தேன், இரண்டு தரம் கோல் பண்ணினேன், ரிவரில் விழுந்தது" என்பது. நல்ல கதைதான். ஆனால் கடந்த சனிக்கிழமைகளில் ரிவரில் ஃப்ளஷ் விழுந்தபோதெல்லாம் நீங்களே முந்தி பெட் போட்டீர்களா? அப்படியானால் உங்கள் செக்கே "என்னிடம் ஃப்ளஷ் இல்லை" என்று சொல்லிவிட்டது. பிறகு வரும் ரெய்ஸை எவர் நம்புவார்? உண்மையான ஃப்ளஷோடும் சில தரம் செக் பண்ணி, அவரும் செக் பண்ணிவிட்டால் வருகிற நட்டத்தைத் தாங்கித்தான் இந்தக் கதைக்கு நம்பகம் வாங்க முடியும். ஃப்ளொப்பிலேயே இஸ்பேட் டிரோவோடு (ஃப்ளஷுக்கு இன்னும் ஒரு காட் காத்திருக்கும் கையோடு) எப்போதும் ரெய்ஸ் போடுகிறவருக்கும் இதே சிக்கல். அவர் கோல் பண்ணினால் இஸ்பேட் இல்லை என்று மேசைக்குத் தெரியும்.

அவருடைய பெட்டின் அளவும் பேசும். வீட்டு மேசைகளில் பலரும் பெரிய கைக்குப் பெரிதாகவும், "கொஞ்சம் எடுப்பம்" என்கிற கைக்குச் சின்னதாகவும் போடுவார்கள். மூன்று இஸ்பேட் கிடக்கிற போர்டில் பாதிப் பொட் அளவில் போடுகிறவரிடம், அவர் வழமை அப்படி என்றால், ஃப்ளஷ் அருமையாகத்தான் இருக்கும். அந்த ஒற்றைச் சோடிகளைத்தான் செக்-ரெய்ஸ் தாக்க வேண்டும். பொட் அளவுக்கோ அதற்கு மேலோ போட்டவருடைய கை ஒன்றில் மலை, ஒன்றில் மண். மலை ஓடாது. மண்ணை வெல்ல உங்கள் ஜாக்குக்கு 4000 செலவழிப்பது சில வேளை சரியாகலாம், ஆனால் அது வேறு கணக்கு; பழகும் வரை தொடாமல் விடுங்கள்.

அவருக்கு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் செக் பண்ணும் முன்னே பாருங்கள். 1000 போட்டபின் கையில் 800 மட்டும் இருக்கிற ஆள், உங்கள் ஓல்-இன்னுக்கு 800 கொடுத்து 4910 ஐ வெல்லப் பார்க்கிறார். அவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவார், போடவும் வேண்டும். மூன்றாவது ஆள் பொட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொருவரும் 60 வீதம் ஃபோல்ட் பண்ணினாலும் இருவரும் சேர்ந்து போவது 36 வீதம்தான்.

உலகம் அறிந்த கடைசிக் காட் பிளஃப் ஒன்றைச் சொன்னால் இதெல்லாம் ஒரே கையில் தெரியும். 2003 இல் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர். கடைசி இருவர்: இணையவழித் தகுதிச் சுற்றில் வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹா. போர்ட்: இஸ்பேட் 9, டைமன் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8, ஆடுதன் 3. மணிமேக்கரிடம் இஸ்பேட் கிங், ஆடுதன் 7. ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெயிட்டுக்கும் காத்திருந்து இரண்டும் தவறியது. ஃபார்ஹாவிடம் இஸ்பேட் குயின், ஆடுதன் 9. போர்டில் ஆகப் பெரிய சோடி. ஃபார்ஹா ரிவரில் செக் பண்ண, மணிமேக்கர் ஓல்-இன். ஃபார்ஹா நெடுநேரம் யோசித்து 9 ஐ எறிந்தார். மணிமேக்கர் கடைசியில் 25 இலட்சம் டொலரோடு பட்டம் வென்றார். இது செக்-ரெய்ஸ் இல்லை. பின்னால் இருந்து போட்ட பெட். ஆனால் தேர்ந்தெடுத்த காட்டைப் பாருங்கள்: வெல்ல முடியாத கை, அதில் ஒரு பெரிய இஸ்பேட். எறிந்தவர் யார் என்பதையும் பாருங்கள். சோடியை எறியத் தெரிந்த தொழில்முறை ஆள். அதே ஓல்-இன்னை உங்கள் விறாந்தையில் போட்டிருந்தால் "பாத்திடுவம்" என்ற ஒற்றைச் சொல்லில் வரலாறு மாறியிருக்கும்.

மேசையில் கைவேலை பற்றியும் கொஞ்சம். பிளஃப் பலமுறை கணக்கில் தோற்காமல் சிப்ஸைத் தள்ளும் விதத்தில் தோற்கிறது. "ரெய்ஸ், நாலாயிரம்" என்று வாயால் முதலில் சொல்லுங்கள். பிறகு ஒரே தள்ளலில் வையுங்கள். ஆயிரத்தை வைத்துவிட்டுத் திரும்பக் கையை எடுத்துப் போய் மூவாயிரம் கொண்டுவந்தால் ஒழுங்கான மேசையில் அது கோல் என்றே கணக்கு. ஒன்றும் சொல்லாமல் ஒற்றை 5000 சிப்பை வைத்தாலும் கோல்தான். சோடியில்லாத ஜாக்கோடு தவறுதலாக கோல் பண்ணியவருடைய முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். சில வீட்டு மேசைகளில் செக்-ரெய்ஸே கூடாது என்று சட்டம் வைத்திருப்பார்கள். பழகிய ஆக்கள் அதைக் கள்ளத்தனம் என்று நினைப்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள், ரிவரில் அல்ல.

நேரமும் ஒன்று. உண்மையான ஃப்ளஷோடு எவ்வளவு நேரம் எடுப்பீர்களோ அவ்வளவு நேரம் எடுங்கள். எல்லாத் தீர்மானத்துக்கும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுச் செய்வது எளிய வழி. பிளஃப் போட்டபின் கதைக்க வேண்டாம், சிரிக்க வேண்டாம், கச்சான் கொறிப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

கச்சான் என்றதும் ஒரு பயிற்சி. மூன்று காட் மட்டும்: கிங், குயின், ஜாக். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு காட், நடுவில் ஆளுக்கு ஒரு கச்சான், பெட் ஒரு கச்சான், ரெய்ஸ் கிடையாது. ஹரோல்ட் கூன் என்ற கணிதர் 1950 இல் எழுதிய சின்ன ஆட்டம் இது. விடை முழுக்கத் தெரியும்: முதலாமவர் செக் பண்ணினால், ஜாக் வைத்திருக்கும் இரண்டாமவர் மூன்றுக்கு ஒரு தரம் பெட் போட வேண்டும், குயினோடு பிளஃப் பண்ணவே கூடாது. முதலாமவர் பெட் போட்டால், குயின் வைத்திருக்கும் இரண்டாமவர் மூன்றுக்கு ஒரு தரம் கோல் பண்ண வேண்டும். அரைமணி நேரம் ஆடினால் "எப்போதும் பிளஃப்" உம் "ஒருபோதும் பிளஃப் இல்லை" உம் ஏன் இரண்டுமே நட்டம் என்று கை உணரும். கிங்-குயின்-ஜாக்கில் மூன்றுக்கு ஒன்று என்று வருவதும், மேலே பத்து உண்மைக்கு நாலு பொய் என்று வந்ததும் ஒரே கணக்கின் இரண்டு உருவம். பெட்டின் அளவுதான் வேறு.

இனி உங்கள் மேசைக்கு. இரண்டு தரம் பிடிபட்டது வீணாகிவிட்ட காசு இல்லை, அதை வசூலிக்கத் தெரிந்தால். அந்த ஐந்து பேரும் இப்போது உங்கள் ரிவர் செக்-ரெய்ஸை நம்ப மாட்டார்கள். அப்படியென்றால் மேலே எண்ணிய 74 இல் போகாத 21 இப்போது 45, 50 ஆகியிருக்கும். பிளஃப் செத்துப்போன இடத்தில் உண்மைக் கைக்கு விலை ஏறும். வரும் இரண்டு மூன்று சனிக்கிழமைகளுக்கு ரிவரில் பிளஃப் செக்-ரெய்ஸ் அடியோடு வேண்டாம், இஸ்பேட் ஜாக் இருந்தாலும். கிங் ஃப்ளஷோ ஏஸ் ஃப்ளஷோ வந்தால், பெட் போடுகிற பழக்கம் உள்ள ஆள் உங்களுக்குப் பின்னால் இருந்தால், செக் பண்ணுங்கள். அவர் 1000 போட்டால் இந்தத் தரம் நாலு மடங்கோடு நிற்காமல் 5000 வரை போகலாம். ஏஸ்-குயின் வைத்திருக்கிறவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சிப்ஸைத் தள்ளுவார். அவர் அதே சிரிப்போடு இரண்டாம் தரமும் தோற்று, மூன்றாம் தரம் குயின் சோடியைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு எறிவதை நீங்கள் கண்ணால் காணும் வரை இஸ்பேட் ஜாக்கைப் பத்திரமாக வைத்திருங்கள்.